சிடி இல்லாவிட்டாலும் விண்டோஸ் போடலாம்

"ஒரிஜினல் சிடி இல்லையா? அப்ப புது லேப்டாப்தான் வாங்கணும்" என்று பக்கத்து வீட்டுத் தங்கச்சியைக் கடையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கல்லூரியில் படிக்கிற பிள்ளை. மனசு கேட்கவில்லை.

சிடியே தேவையில்லை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்கப்படும் லேப்டாப்களில் பெரும்பாலும் லைசென்ஸ் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். மைக்ரோசாஃப்ட் தளத்தில் மீடியா கிரியேஷன் டூல் இலவசம். அதைக் கொண்டு விண்டோஸை ஏற்றிக்கொள்ள 8 ஜிபி பென்டிரைவ் போதும். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், அதனால் காலியானதாக எடுங்கள்.

நேற்று அவள் லேப்டாப்பில் அப்படித்தான் போட்டோம். கீ கேட்கவே இல்லை. முன்பிருந்த அதே ஹோம் பதிப்பு ஏறியது. வைஃபை கிடைத்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆனது.

நண்பர்களே, புதுசு வாங்கக் கடன் வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். போட்டோ, ப்ராஜெக்ட் எல்லாவற்றையும் மட்டும் முதலிலேயே காப்பி எடுத்துவிடுங்கள்.