பூட்டாத போல்ட்

கோணியை விரித்து அதன்மேல் பழைய வெள்ளை வேட்டி ஒன்றைப் போட்டார் பெரியவர். "சின்ன ஸ்குரூ ஒண்ணு மண்ணுல விழுந்துச்சுன்னா எங்க போய்த் தேடறது? வெள்ளைத் துணின்னா கண்ணுல பட்டுடும், தம்பி" என்றார். காவல்துறை ஆயுதப்படையில் ஆர்மரராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். திரீ நாட் திரீயும் மஸ்கட்டும் கழற்றிப் பூட்டியே கை காய்த்தவர். கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி, கொண்டை ஊசி வளைவுகள் ஏறி அவரோடு நானும் கரியாலூர் வந்திருந்தேன். தை மாதக் காலை. மரவள்ளிக் கொல்லையின் மேல் பனி இன்னும் கலையவில்லை.

எங்களை அழைத்தவர் மலையில் நிலம் வைத்திருக்கும் விவசாயி. அப்பா காலத்திலிருந்து உரிமம் புதுப்பித்து வைத்திருக்கும் .315 ரைபிள் அவருடையது. தேர்தலுக்கு ஒப்படைத்துத் திரும்ப வாங்கி வந்த பிறகு, துரு ஏறியிருக்குமோ என்று மகன் போல்டைக் கழற்றித் துடைத்திருக்கிறான். திரும்ப மாட்டியபோது உள்ளே போகவில்லை. கட்டையால் தட்டியும் பார்த்திருக்கிறான். போல்டின் வால்போல இருக்கும் காக்கிங் பீஸின் பின்பக்கம் அந்தத் தழும்பு பளபளவென்று தெரிந்தது. பெரியவர் அதை விரலால் தடவிப் பார்த்தாரே தவிர, பையனை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்த ரைபிள் பட்டாளத்துச் சரக்கு அல்ல. ஆனால் பட்டாளத்து ரைபிளின் உடன்பிறப்பு. ஜேம்ஸ் பாரிஸ் லீ வடிவமைத்த போல்டும் இங்கிலாந்தின் என்ஃபீல்டு ஆலையின் குழலும் சேர்ந்ததுதான் லீ என்ஃபீல்டு. அதன் 1907ஆம் ஆண்டு வடிவமான மார்க் 3, ஹூக்ளிக் கரையிலுள்ள இஷாப்பூர் ரைபிள் ஆலையில் லட்சக்கணக்கில் உருவானது. பட்டாளத் தோட்டா குடிமக்கள் கையில் இருக்கக் கூடாது என்பது வெள்ளையர் போட்ட விதி. .303 இன்றும் நமக்குத் தடைசெய்யப்பட்ட ரகம். அதனால்தான் வேட்டைக்கும் பயிர்க்காவலுக்கும் என்று .315 வந்தது. குழலும் தோட்டாவும் வேறு. போல்ட் வேலை செய்யும் விதம் அதேதான். 1962 சீனப் போருக்குப் பிறகு 7.62 தோட்டாவுக்கு இஷாப்பூர் செய்த ரைபிளும் இதே குடும்பம். உத்தரப் பிரதேசக் காவல்துறை .303க்கு விடை கொடுத்தது 2020 குடியரசு தினத்தில்தான்.

முதலில் தோட்டாக்களை வேறு அறையில் வைத்துப் பூட்டச் சொன்னார். பிறகு மேகசினைக் கழற்றினார், குழலின் அடிவாயில் சுண்டுவிரலை விட்டுத் துழாவினார், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் கண்ணாலும் பார்த்தார். "காலின்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. நானே சொன்னாலும் நம்பாதீங்க" என்று என்னையும் பார்க்க வைத்தார். அதற்கப்புறம்தான் போல்டைக் கையில் எடுத்தார்.

எடுத்ததும் எண்ணைப் பார்த்தார். கைப்பிடியின் வேரில் பொறித்த எண்ணும் ரைபிள் உடலில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொரு போல்டும் அதனதன் ரைபிளோடு பொருத்தித் தேய்த்து இழைக்கப்பட்டது. வேறு ரைபிளின் போல்ட் ஏறும், பூட்டும், சுடவும் செய்யும். ஆனால் தோட்டாவின் விளிம்பு உட்காரும் குழல் முகத்துக்கும் போல்டின் முகத்துக்கும் உள்ள இடைவெளி மாறிவிட்டிருக்கும். .303 ரைபிளில் அந்த இடம் 0.064 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 0.074க்கு மேல் போகக் கூடாது. நூறில் ஒரு அங்குலம்தான் மொத்தச் சலுகை. அதைத் தாண்டினால் தோட்டாவின் உறையான கேஸ் கிழிந்து, வெடிமருந்தின் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரும். இங்கே எண்கள் ஒத்துப்போயின. அவர் முகத்தில் அப்போதுதான் ஒரு தெளிவு வந்தது.

"இப்ப நோயைப் பாருங்க" என்று போல்டின் முன்முகத்தைக் காட்டினார். நடுத்துளை வழியாக, தோட்டாவைக் குத்தும் ஸ்ட்ரைக்கரின் முனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கழற்றி வைத்த போல்டில் அது தெரியக் கூடாது. போல்டின் பின்முனையில் சிறிய பள்ளம் ஒன்று, நீளமான காடி ஒன்று. கைப்பிடியைத் தூக்கும்போது காக்கிங் பீஸ் சற்றே பின்வாங்கி, அதன் குமிழ் சிறிய பள்ளத்தில் உட்காரும். அந்த நிலையில்தான் போல்டை வெளியே எடுக்கிறோம். எடுத்த பிறகு எங்காவது இடித்தாலோ திருகினாலோ குமிழ் நழுவி, ஸ்பிரிங்கின் வேகத்தில் நீளக் காடிக்குள் போய் விழுந்துவிடும். சுட்டு முடித்த நிலைக்குப் போய்விட்டது என்று பொருள். அப்புறம் அது துப்பாக்கிக்குள் நுழையவே நுழையாது. பையனுக்கு நடந்தது இதுதான். உடைந்தது எதுவும் இல்லை, இடம் மாறியிருந்தது.

காக்கிங் பீஸை மர பெஞ்சின் விளிம்பில் கொக்கிபோல மாட்டி, போல்டை இழுத்துப் பிடித்துக்கொண்டே கைப்பிடியை மெல்லத் திருப்பினார். 'டக்'. முனை உள்ளே போனது. காக்கிங் பீஸும் போல்டின் பூட்டுக் கட்டையும் ஒரே கோட்டில் வந்து நின்றன. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பையன் வாயடைத்து நின்றான்.

அடுத்தது போல்ட் ஹெட். இந்தக் குடும்பத்து ரைபிள்களில் போல்டின் தலை தனித் துண்டு, திருகி மாட்டுவது. கையாலேயே கழன்று வரும் என்பதால் துடைப்பவர்கள் அதைத்தான் முதலில் கழற்றுவார்கள். திரும்பப் போடும்போது ஒரு சுற்று குறைத்துவிட்டால் தலைக்கும் உடலுக்கும் நடுவே சந்து விழும். இதில் நகம் நுழையும் அளவுக்கு விழுந்திருந்தது. அப்படியே மாட்டினால் கைப்பிடி கீழே இறங்காது. இறக்கியே தீருவேன் என்று அழுத்தினால் திருகுமரைதான் போகும். கடைசிவரை திருகினால் தலையின் கொக்கி போல்டின் நீளப் புடைப்புக்கு நேராக வந்து நிற்கும். அந்தக் கோட்டைத் தாண்டி வெகுதூரம் சுற்றினால் தேய்மானம் என்று அறிந்து ரைபிளை ஓரமாக வைத்துவிட வேண்டும் என்றார். அவர் முழுக்கத் திருகியதும் இது சரியாகவே நின்றது.

ஆனால் உரிமையாளரின் கவலை வேறு. போன மார்கழியில், மகன் போல்டில் கை வைப்பதற்கு முன்பே, காட்டுப்பன்றியை விரட்ட வானத்தை நோக்கிச் சுட்டபோது இரண்டு தோட்டா வெடிக்கவில்லையாம். "தோட்டா பழசுங்களா, அண்ணே?" என்று கேட்டார். பெரியவர் பதில் சொல்லாமல், பழைய குழாயை அறுத்து அராவித் தானே செய்து வைத்திருந்த இரண்டு பல் கருவியை எடுத்தார். காக்கிங் பீஸின் பின்னால் உள்ள பூட்டு ஸ்குரூவையும் போல்டின் தலையையும் கழற்றிவிட்டுக் கருவியை முன்பக்கமாக விட்டு, கழுத்து வளையத்தில் பற்களைப் பொருத்தித் திருகினார். ஸ்ட்ரைக்கரும் ஸ்பிரிங்கும் வெளியே வந்தன. ஸ்பிரிங் முழுக்க மஞ்சள் வெண்ணெய் பூசினாற்போல் இருந்தது.

மோந்து பார்த்தார். "தேங்காய் எண்ணெய்!"

எனக்கு அந்த நாளின் பெரிய பாடம் அதுதான். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும். கள்ளக்குறிச்சி வெயிலில் அது எண்ணெய். மார்கழி விடியலில் கரியாலூரில் அது மெழுகு. மெழுகுக்குள் ஓடும் ஸ்ட்ரைக்கர் வேகம் குறைந்து, தோட்டாவின் அடியிலுள்ள தீமூட்டியைத் தடவிவிட்டு நின்றுவிடும். பல ஆண்டு எண்ணெய் தூசியோடு சேர்ந்து பிசினாகியும் கிடந்தது. கனடாவின் வடகோடிப் பனிப்பிரதேசத்தைக் காக்கும் ரேஞ்சர்கள் லீ என்ஃபீல்டைப் பல தலைமுறையாகத் தூக்கிச் சுமந்தார்கள். கடுங்குளிரில் போல்டுக்குள் எண்ணெயே இல்லாமல் துடைத்து வைப்பதுதான் அங்கெல்லாம் வழக்கம். அதே பாடத்தை இந்த மலையில் ஒரு தேங்காய் எண்ணெய்ப் புட்டி நடத்திவிட்டது.

மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் ஒற்றி, வெயிலில் காயவைத்தார். துப்பாக்கி எண்ணெய் ஒரு சொட்டு மட்டும், அதையும் துடைத்தெடுத்தார். திரும்பத் திருகும்போது ஸ்ட்ரைக்கரின் பின்முனை காக்கிங் பீஸின் முகத்தோடு மட்டமாக வரும்வரை நிதானமாகச் சுற்றினார். மட்டம் தப்பினால் முன்னால் முனை நீளும் அளவு மாறிவிடும். ஸ்ட்ரைக்கரின் பின்முனையில் வெட்டியிருக்கும் காடி நேராக வந்ததும் ஸ்குரூவை இறுக்கினார்.

பிறகு தலையை முழுக்கத் திருகி, போல்டை மாட்டினார். போல்டின் தலை மேல்நோக்கியபடி உள்ளே விட்டு, முன்னே தள்ளி, தலையை வலப்பக்கம் சாய்த்து அழுத்த, ஓரத் தண்டவாளத்தின் மேல் கவ்விக்கொண்டது. முன்னே தள்ளுகையில் முடியும் தறுவாயில் ஒரு கனம் தெரிந்தது. இந்த ரைபிளில் மூடும்போதுதான் ஸ்பிரிங் அழுந்தும். கைப்பிடியை அறுபது டிகிரி மட்டும் திருப்பினால் போதும் என்பதற்கும் வேகமாகச் சுட முடிந்ததற்கும் அது ஒரு காரணம். பழக்கமில்லாதவர்கள் அந்தக் கனத்தைக் கோளாறு என்று எண்ணித் தட்டத் தொடங்குவார்கள். பையன் கையிலே கொடுத்து மூடிப் பார்க்கச் சொன்னார். கைப்பிடி இறங்கிப் பூட்டியது.

வேலை முடிந்தது என்று நினைத்தேன். அவர் மறுபடியும் போல்டை உருவி, சுட்டுத் தீர்ந்த காலி கேஸ் ஒன்றை எக்ஸ்ட்ராக்டர் நகத்தில் செருகித் தூக்கினார். கேஸ் நிற்காமல் வேட்டியில் விழுந்தது. மூன்று முறை செருகினார், மூன்று முறையும் விழுந்தது. எக்ஸ்ட்ராக்டர் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. சுட்ட கேஸை இது வெளியே இழுக்காது.

"நீங்களே ஒண்ணு வளைச்சுப் போட்டுடுங்கண்ணே" என்றார் உரிமையாளர்.

பெரியவர் தலையை ஆட்டி மறுத்தார். துடைப்பதும் கழற்றி மாட்டுவதும் உரிமையாளர் வீட்டில் நடக்கலாம். பழுது பார்க்க 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு தனி உரிமம் கேட்கிறது. அது தன்னிடம் இல்லை என்றார். எனக்கு அந்த மறுப்பு மிகவும் பிடித்திருந்தது. இந்த மலையில் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகள் எத்தனையோ இருந்திருக்கின்றன, பிடிபட்டிருக்கின்றன. எண்ணும் இல்லாமல், அளவும் இல்லாமல், கைக்கு வந்தபடி வளைத்துச் செய்தவை. எண் பொறித்த ரைபிளையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது என்பதே அவருடைய பிடிவாதம்.

உங்கள் வீட்டிலும் தாத்தா காலத்து ரைபிள் ஒன்று உரிமத்தோடு இருக்கலாம். அதன் போல்ட் ஒருநாள் பூட்டாமல் நின்றால் கட்டையை எடுக்காதீர்கள். தோட்டாவை அப்புறப்படுத்திவிட்டு, ஸ்ட்ரைக்கர் முனை எட்டிப் பார்க்கிறதா, தலை முழுக்கத் திருகியிருக்கிறதா, எண் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அதிலும் தீராவிட்டால் உரிமம் பெற்ற கடைக்குக் கொண்டு போங்கள். தேங்காய் எண்ணெயைச் சமையலறையிலேயே வையுங்கள்.