காசு நம் கையில், கடை யார் கையில்?

கெடாவில் கூலிம் வட்டாரத்துத் தோட்டங்களின் நடுவே இருக்கும் சிற்றூர் பாடாங் மேஹா. 1996-இல் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறந்தபின் கூலிம் பட்டணம் பெருத்துவிட்டது. சம்பளம் வாங்கிய தோட்டத்துக் குடும்பம் எங்கே சாமான் வாங்கும்? பக்கத்து மளிகைக்கடையிலா, பாசார் மாலாமிலா, பட்டணத்துப் பேரங்காடியிலா? “விலை எங்கே குறைவோ அங்கே” என்பீர்கள். அது மட்டும்தானா கணக்கு?

நம் கெடா மாநிலமே இதற்கு ஒரு பாடம். வெள்ளைக்காரர் காலத்தில் தோட்டங்களிலேயே கள்ளுக்கடை இருந்தது. காலையில் பால் வெட்டிச் சம்பாதித்த காசு மாலையில் அங்கே போய்ச் சேர்ந்தது. லாபம் தொழிலாளர் நலனுக்கே என்று சமாதானம் சொன்னார்கள். அடுப்பு எரியாத வீட்டுப் பிள்ளைக்கு அது என்ன நலம்?

போர் முடிந்தபின் பெடோங் அருகே ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ.எம்.சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடை வாசலில் மறியல் நடந்தது. 1947 பிப்ரவரி இறுதியில் பெடோங்கில் போலீசார் அவர்கள்மேல் பாய்ந்தனர். அடிபட்ட தொழிலாளி ஒருவர் மாண்டார். “இந்தக் கடையில் வாங்கமாட்டோம்” என்று சொல்ல நம் முன்னோர் கொடுத்த விலை அது.

பிறகு 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வந்தது. சம்பளத்தை எங்கே, எப்படி, யாரிடம் செலவிட வேண்டும் என்று முதலாளி நிபந்தனை போடக் கூடாது என்கிறது அதன் 26-ஆம் பிரிவு.

ஆனால் சட்டம் தந்த உரிமையைப் பல வீடுகளில் 555 கொப்பி பறித்துக்கொள்கிறது. மழை மாதங்களிலும், கித்தா மரம் இலை உதிர்க்கும் காலத்திலும் வருமானம் குறையும். அப்போது அரிசிக்குக் கடன் தருகிறவர் பக்கத்துக் கடைக்காரர்தான். கடன் வைத்த கடையில் “விலை ஏன் அதிகம்?” என்று கேட்க நாக்கு எழுமா? ஆகவே அங்கே வாங்கும் அடுத்த வீட்டு அக்காளை “விவரம் தெரியாதவர்” என்று ஏசாதீர்கள். கையில் ரொக்கமும் வாசலில் மோட்டார் சைக்கிளும் இருப்பவருக்குத்தான் கடையைத் தேர்ந்தெடுக்க முடிகிறது.

அதேபோல, கஷ்டத்தில் கடன் தந்தவரைக் காசு வந்ததும் மறந்து பட்டணத்துக்கு ஓடுவதும் நியாயமன்று. பாக்கியைத் தீர்த்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

‘மலிவு’ என்ற சொல்லையும் கொஞ்சம் கவனியுங்கள். விலை குறைந்தால் யாருடைய பங்கு குறைந்தது? மொத்தமாக வாங்குவதால் குறைந்திருக்கலாம். பேரங்காடியில் நாள் முழுதும் நின்று வேலை செய்யும் பெண்ணின் கூலியிலும் குறைந்திருக்கலாம். அவள் நம் தோட்டத்துப் பிள்ளையாகவும் இருக்கலாம். தூர தேசத்தில் ஒருவர் மலிவான டயர் தேடும்போது அந்தக் கை நம் பால் வாளி வரைக்கும் நீளுகிறது. நமக்கு வலிப்பது பிறருக்கும் வலிக்காதா?

ஒருவர் கடை மாறினால் எதுவும் மாறாது. பலர் சேர்ந்தால் கதை வேறு. 1844-இல் இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் 28 தொழிலாளர்கள் மாதக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்த்து, ஆளுக்கு ஒரு பவுன் போட்டுக் கடை திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை என்று சரக்கு கொஞ்சமே. ஆனால் கலப்படம் இல்லை, எடை சரி. லாபம் வாங்கியவர்களுக்கே, அவரவர் வாங்கிய அளவுப்படி. கடன் மட்டும் கிடையாது! உலகக் கூட்டுறவு இயக்கத்துக்கே அந்தக் கடை முன்மாதிரி ஆயிற்று.

நம்மவர்களும் சளைத்தவர்கள் அல்லர். துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரின் சிறுபணத்தைத் திரட்டி முதன்முதலில் வாங்கியது நம் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தைத்தான்.

உடனே தோட்டம் வாங்க வேண்டாம்! ஐந்து வீடுகள் சேர்ந்து ரொக்கத்துக்கு அரிசி மூட்டை வாங்கிப் பங்கிட்டுப் பாருங்கள். எடையையும் விலையையும் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். அவர்களுக்குக் கணக்குப் பாடமும் ஆயிற்று. மிஞ்சும் வெள்ளியைப் பழைய பாக்கிக்குக் கட்டுங்கள். ஆறு மாதம் கழித்து 555 கொப்பியைத் திறந்து, எத்தனை வரி குறைந்தது என்று நீங்களே பாருங்கள்.