நான்கு வாய்க்கும் சமபங்கு

2002ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டகன்ஹாம் தொழிற்சாலையில் போர்ட் கார்களை ஒன்றுசேர்க்கும் பணி நின்றது. அதே ஆண்டில் யமஹா ஆர்-1 மோட்டார் சைக்கிளும் கார்புரேட்டரைக் கைவிட்டு, எரிபொருள் பீய்ச்சும் முறைக்கு மாறியது. இவ்வாறு காலங்கடந்தவையான இரண்டையும் நாம் இணைக்க முனைந்தோம். டகன்ஹாமில் உருவான கிராஸ்புளோ எஞ்சின் நமது பழைய எஸ்கோர்ட் காரில் இருந்தது. புதிய வெபர் கார்புரேட்டர்களை வாங்க நமக்கு வசதியில்லை. பழைய ஆர்-1இலிருந்து கழற்றிய, 40 மில்லிமீற்றர் வாயுடைய நான்கு மிக்குனிகளே எட்டின.

எஞ்சின் துளைகளின் இடைவெளியும் அவற்றின் இடைவெளியும் ஒவ்வவில்லை. ஓய்வுபெற்ற தொழிலாளியான முதியவர் ஒருவர் அலுமினியக் குழாய்களை வெட்டி, உருக்கி ஒட்டித் தந்தார்.

முதல் நாளே பெற்றோல் வழிந்தோடிற்று. மலிந்த பொருளைப் பழித்தோம். பெரியவர் நகைத்தார். பிழை நம்முடையதே, காரின் பம்ப் தள்ளிய அழுத்தம் மிகை. அதனைச் சதுர அங்குலத்துக்கு 3 இறாத்தலுக்குள் அடக்கியதும் வழிவு நின்றது.

ஆயினும் எஞ்சின் திணறிற்று. வெற்றிடமானிகளைப் பொருத்தினோம். ஒரு சிலிண்டர் அளவுக்கு மிஞ்சி இழுக்க, மற்றொன்று மூச்சுக்குத் தவித்தது. திருகாணிகளைச் சிறுகச் சிறுகத் திருப்பி நான்கையும் சமநிலைப்படுத்தப் பொழுது சாய்ந்தது. அதன்பின் எஞ்சின் சீராக ஓடிற்று.

ஒரு பொருளைக் கழிவென்று தீர்ப்பளிப்பது சந்தை. அதனை மீட்டது பெரியவரின் கை. அக்கையையும் ஓய்வென்று ஒதுக்கிவிட்ட சமூகம், அதன் அறிவை எவரிடம் ஒப்படைக்கச் சொன்னது? அடுத்த ஞாயிறு நாம் இரு மாணவரையும் அவரிடம் அழைத்துச் செல்கிறோம்.