ஓசை அறிதல்

மீன்பிடித் தொழிலில் வலைக்கு முன்னே கடலில் இறங்க வேண்டியது அமைதி. இப்பாடத்தை நான் கற்ற இடம் பள்ளிக்கூடம் அன்று. என் வாப்பாவின் வத்தை.

1989ஆம் ஆண்டு. எனக்கு அகவை பத்து. பாக் விரிகுடாக் கரையில் அமைந்த தொண்டி எங்கள் ஊர். ஆழங்குறைந்த அக்கடலில் விடியற்பொழுதில் மடவை மீன்கள் கூட்டமாகக் கரையோரம் வரும். அச்சம் மிகுந்த மீன் அது. சிறிது அதிர்ந்தாலும் துள்ளி வலையையே தாண்டிவிடும். அன்று வாப்பா பாயை இறக்கிவிட்டு, கழியை ஓசையின்றி ஊன்றி வத்தையை நகர்த்தினார். கூட்டத்தை நெருங்கிய வேளையில், நீர் இறைக்கும் தகரக் குவளை என் கையிலிருந்து நழுவிப் பலகையில் விழுந்தது. இமைப்பொழுதில் கடல் வெறுமையாயிற்று. அன்றைய வரும்படியை நம்பித்தான் உம்மா என் சீருடைக்குத் துணி சொல்லி வைத்திருந்தார். வாப்பா அடிக்கவில்லை. "பேச்சைக்கூட மீன் பொறுத்துக்கொள்ளும் தம்பி, பலகை அதிர்ந்தால் பொறுக்காது" என்றார், அவ்வளவே.

அச்சொல்லின் உண்மை பல்லாண்டுகள் கழித்தே எனக்கு விளங்கிற்று. காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும் ஒலி, கடல்நீரில் ஏறத்தாழ 1500 மீட்டர் செல்கிறது. காற்றில் எழும் பேச்சொலியின் மிகப்பெரும் பகுதி நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். படகின் உடலில் எழும் அதிர்வோ நேரே நீருக்குள் இறங்கும். மீனுக்குப் புறச்செவி இல்லை; ஆயினும் உட்செவி உண்டு. உடலின் இருமருங்கிலும் நீரசைவை உணரும் பக்கக்கோடும் உண்டு. வட அமெரிக்க ஏரிகளில் கிராப்பி என்னும் மீனுக்குத் தூண்டிலிடுவோர், பெரிய எஞ்சினைத் தொலைவிலேயே நிறுத்திவிட்டு, மின்கலத்தால் இயங்கும் சிறு மோட்டாரால் மெல்ல நெருங்குவதும் இக்காரணம் பற்றியே.

எனினும் ஓசை முற்றும் பகையன்று. வலையை வளைத்து முடித்தபின் அதே வாப்பா துடுப்பால் நீரை ஓங்கி அடிப்பார். அஞ்சிய மீன் வலையை நோக்கிப் பாயும். ஒடுங்குவதற்கு ஒரு காலம்; ஒலிப்பதற்கு ஒரு காலம். காலமறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் கொக்கை உவமையாக்கிய குறளை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் என் மனக்கண்ணில் தோன்றுபவர் வாப்பாவே.

பின்னர் வத்தைக்கு டீசல் எஞ்சின் வந்தது. காற்றுக்குக் காத்திருக்கும் நிலை நீங்கியது, வருவாயும் கூடியது. நான் எம்.ஃபில். வரை பயின்றது அந்த எஞ்சின் ஈட்டிய பொருளால்தான். அந்நன்றியை மறத்தல் ஆகாது. ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதன் அருகிலேயே அமர்ந்திருந்த வாப்பாவின் செவிகள் மெல்ல மெல்ல மங்கின. பேரொலியால் சிதைந்த உட்செவி மயிரணுக்கள் மனிதனுக்கு மீண்டும் முளைப்பதில்லை என்றார் மருத்துவர். மீனுக்கோ அவை மீண்டும் முளைக்கின்றன! ஒரு செவிக்காப்பு வாங்கித் தர வேண்டும் என்று அந்நாளில் எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. மீனின் செவிக்கு அஞ்சிய நாங்கள், வாப்பாவின் செவியை எண்ணிப் பார்க்கவில்லை.

இன்று ஊர் செல்லும்போதெல்லாம் அவர் காதருகே உரக்கப் பேசுகிறேன். பாதி கேட்கிறது, மீதியை என் முகத்தைப் பார்த்து உணர்ந்துகொள்கிறார்.

மாணவச் செல்வங்களே! உங்கள் கல்விக்காக ஏதோ ஓர் எஞ்சினின் அருகே உங்கள் வீட்டிலும் ஒருவர் அமர்ந்திருப்பார். அவரிடம் மெல்லப் பேசினாலே கேட்கும் காலம் இது. இப்போதே பேசுங்கள்.