நம்ம வார்டுக்கு யார் நிக்கிறது?

உங்க வார்டு நம்பர் என்ன? ஹாஸ்டல் ரூம் நம்பர், ரிஜிஸ்டர் நம்பரோட கடைசி மூணு இலக்கம் எல்லாம் டக்குனு வரும். வார்டு நம்பர்னு கேட்டா பத்துல எட்டு பேர் வீட்டுக்கு போன் போடுவீங்க. எங்க கிளாஸ்ல கேட்டுப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்.

நிலைத்த வளர்ச்சி, கிரீன் பில்டிங், ரெசிலியன்ட் சிட்டின்னு செமஸ்டருக்கு ரெண்டு பி.பி.டி. போடுறோம். ஆனா நம்ம தெருவுல மழைத்தண்ணி எந்தப் பக்கம் ஓடணும், குப்பை எங்க போய்ச் சேரணும், எந்தச் சாலையை எவ்வளவு உயரத்துக்குப் போடணும் என்பதெல்லாம் பேசப்படுகிற இடம் நகராட்சிக் கூட்டம். 1992-ல் நிறைவேறிய 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நகரமைப்பு, குடிநீர், திடக்கழிவு, பூங்கா என்று 18 வேலைகளை 12-ஆவது அட்டவணையில் எழுதி, இவற்றை நகர உள்ளாட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்று மாநிலங்களுக்குச் சொன்னது. எவ்வளவு கொடுத்தார்கள் என்பது தனிக்கதை. அந்தக் கூட்டத்தில் உறுப்பினராக உட்கார 21 வயசு ஆனால் போதும். எம்.எல்.ஏ. ஆகத்தான் 25. அதாவது ஃபைனல் இயர் படிக்கிற நாம பாதிப் பேர் இப்பவே நிக்கலாம்.

எங்க சித்தி 2022-ல் நின்னாங்க. ஊர் பேர் வேண்டாம், ஒரு நகராட்சின்னு வச்சுக்கோங்க. பெண்களுக்கு ஒதுக்கின வார்டு. சித்தி தையல் கடை வச்சிருக்காங்க, எந்தக் கட்சியிலும் இல்லை. நகராட்சி வார்டுக்கு டெபாசிட் 2,000 ரூபாய், தீபாவளி பிளவுஸ் தச்ச காசுல கட்டினாங்க. அப்போ நான் பிளஸ் டூ. நோட்டீஸ் கொடுக்கிற வேலை எனக்கு.

ஏன் நின்னாங்கன்னா, தண்ணி. எங்க வார்டோட தாழ்வான மூணு தெருவில் ஐப்பசி, கார்த்திகைன்னா முழங்கால் அளவு நிக்கும். ஏரி நிரம்பினா கலங்கல் வழியா உபரிநீர் போக ஒரு ஓடை இருந்தது. இப்போ அது ஒரு ஆள் தாண்டிப் போற அகலம்தான். மழைநீர் வடிகாலைக் கொண்டுபோய் அந்த ஓடையிலதான் விட்டிருக்காங்க. சித்தியோட ஒரே வாக்குறுதி, ஓடையை மறுபடி அளந்து கல் நடுறது.

வீடு வீடா போனப்போ சித்தி ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துட்டு வந்தாங்க. கதவு எண் போட்டு, அந்த வீட்டுக்காரங்க என்ன கேட்டாங்கன்னு எழுதணும். எழுதினது நான்தான். தண்ணி நிக்குதுன்னு சொன்னது அந்த மூணு தெரு மட்டும். மேட்டுத் தெருக்காரங்க தெருவிளக்கு கேட்டாங்க, நாய்த்தொல்லை சொன்னாங்க, சுடுகாட்டுக்குப் போற பாதை கேட்டாங்க. ஒரு தாத்தா, "ஓடைக்கா ஓட்டு கேக்கறே? ஓடைக்கு ஓட்டு இருக்கா?"ன்னு சிரிச்சார். பேச்சு நியாயம்தான். வெள்ளம் ஊருக்கே பொதுப் பிரச்சினைன்னு நாம பி.பி.டி.யில எழுதுறோம். வார்டுக்குள்ள அது பள்ளத்துல வீடு வாங்கினவன் பிரச்சினை.

பதிவான 1,200 சொச்சம் ஓட்டில் சித்திக்கு 214. மூணாவது இடம். ஆறில் ஒரு பங்கை நூலளவில் தாண்டினதால டெபாசிட் திரும்ப வந்தது. வீட்ல எல்லாரும் அதையே ஜெயிச்ச மாதிரி கொண்டாடினோம், பிரியாணியோட.

அதுக்கப்புறம்தான் நான் சிவில் சேர்ந்தேன். செகண்ட் இயர்ல சர்வே லேப் முடிஞ்ச கையோட, லேப் சார்கிட்ட லெட்டர் கொடுத்து ஒரு ஆட்டோ லெவலையும் ஸ்டாஃபையும் ரெண்டு நாளைக்கு வாங்கிட்டு ஊருக்குப் போனேன். கூட ரெண்டு ஃப்ரெண்ட்ஸ். வடிகால் 340 மீட்டர் நீளம். இருபது மீட்டருக்கு ஒரு தடவை மேல்மூடியைத் தூக்கி அடித்தளத்தில் ஸ்டாஃபை வச்சோம். (அந்த வாசனையை விவரிக்க மாட்டேன், மெஸ்ஸுக்குப் போற நேரத்துல இதைப் படிச்சாலும் படிப்பீங்க.) முதல் 180 மீட்டர் ஒழுங்கா இறங்குது. அதுக்கப்புறம் ஒரு குடிநீர்க் குழாய் குறுக்கே வருது, அதுக்கு மேலே தூக்கிக் கட்டியிருக்காங்க. ஓடையில் சேர்ற இடம், நடுப்பகுதியை விட 9 சென்டிமீட்டர் உயரம். தண்ணி மேட்டுல ஏறணும்! தூர் வாரினா சரியாயிடும்னு வருஷா வருஷம் தூர் வாரிட்டிருந்தாங்க. எவ்வளவு வாரினாலும் அந்த 9 சென்டிமீட்டர் அங்கேயேதான் இருக்கும்.

இந்தக் கணக்கை எங்க கொடுக்கிறது? அப்போதான் ஏரியா சபான்னு ஒன்னு இருப்பது தெரிஞ்சது. கிராமத்துக்குக் கிராமசபை மாதிரி நகரத்துக்கு ஏரியா சபையும் வார்டு குழுவும். தமிழ்நாட்டில் 2022-ல் விதிகள் வந்து, அந்த வருஷம் நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று முதல் கூட்டங்கள் நடந்தன. நாங்க போன கூட்டத்துல மொத்தம் பதினோரு பேர், அதுல நாலு பேர் எங்க வீடு. கவுன்சிலர் அம்மா, அதாவது சித்தியை ஜெயிச்சவங்க, எங்க வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. "இது எப்படிம்மா கண்டுபிடிச்சே?"ன்னு கேட்டாங்க. தீர்மானமா எழுதினாங்க. அதோட சரி. அந்தக் கடைசி 160 மீட்டரை உடைச்சுக் கட்டணும்னா எஸ்டிமேட், நிதி, பொறியாளர் ஒப்புதல். கவுன்சிலர் கூட்டத்துல எழுந்து கேட்டுக்கிட்டே இருந்தாத்தான் ஃபைல் நகரும். அவங்க ரெண்டு தடவை கேட்டாங்க. பத்து தடவை கேட்கணும்.

கேட்க ஆளே இல்லைன்னா என்ன ஆகும்? அதையும் நாம பார்த்திருக்கோம். 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிஞ்சுது, தேர்தல் நடக்கலை. டிசம்பர்ல வர்தா புயல் சென்னையை அடிச்சப்போ ஒரு வார்டுக்கும் கவுன்சிலர் கிடையாது. 2018 நவம்பர்ல கஜா டெல்டாவைப் புரட்டிப் போட்டப்போ பஞ்சாயத்துத் தலைவர்கள் கிடையாது. தனி அலுவலர்கள்தான். எந்த வீட்டுல நடக்க முடியாத பாட்டி இருக்காங்க, எந்தக் கிணத்துல மோட்டார் இருக்குன்னு அலுவலகத்துல உட்கார்ந்து எப்படித் தெரியும்? நகரங்களுக்கு 2022 பிப்ரவரி வரைக்கும் இதே நிலைமை.

சரி, ஆள் இருந்தா என்ன நடக்கும்? கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி. அங்கே தலைவராக இருந்த ஆர். சண்முகம் காலத்தில், ஊராட்சியே கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை வாங்கினது. விலை சுமார் 1.55 கோடி. ஊராட்சி சேமிப்பு 40 லட்சம், மீதி வங்கிக் கடன். 2006-ல் அது ஓட ஆரம்பிச்சது. தன் தேவைக்குப் போக மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்கு வித்தாங்க. ஒரு கிராம ஊராட்சி! திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் 1996-ல் தலைவரான இளங்கோ நம்ம ஆளு, கெமிக்கல் இன்ஜினியர். வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்தவர். தலித் குடும்பமும் தலித் அல்லாத குடும்பமும் ஒரே சுவரைப் பகிர்ந்துக்கிற இரட்டை வீடுகளை மண் கட்டியில் கட்டினார். செலவும் குறைவு, அந்தச் சுவர் செய்த வேலையோ எந்தச் சிலபஸிலும் இல்லை. கேரளாவில் ஆர்யா ராஜேந்திரன் 2020 டிசம்பரில் திருவனந்தபுரம் மேயரானப்போ வயசு 21. பி.எஸ்சி. கணிதம் படிச்சிட்டிருந்தாங்க.

இவங்களைச் சொல்லி உங்களை உசுப்பேத்த வரலை. ஓடந்துறை மாதிரி ஒன்னு வந்தா, ஒன்னும் நடக்காத நூறு ஊர் இருக்கு. கவுன்சிலர்னா கல்யாணத்துக்கு மொய், சாவுக்கு மாலை, ராத்திரி பதினொரு மணிக்கு "தண்ணி வரல"ன்னு போன். எங்க கவுன்சிலர் அம்மாவுக்கும் அதுலயே பாதி நாள் போயிடுதுன்னு இப்போ புரியுது. 9 சென்டிமீட்டருக்காக அவங்களைத் திட்ட எனக்கு மனசு வரலை.

2022-ல் வந்தவர்களின் ஐந்து வருஷம் 2027 தொடக்கத்தில் முடியுது. சித்தி இனி நிக்க மாட்டேன்னுட்டாங்க, முட்டி வலி. "உனக்குத்தான் 21 ஆச்சே"ன்னு நோட்டை என்கிட்ட கொடுத்துட்டாங்க. எனக்கு கேம்பஸ்ல பெங்களூர் கம்பெனி ஒன்னு கிடைச்சிருக்கு. அப்பா எஜுகேஷன் லோன் கணக்கை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் மேல காந்தத்தால ஒட்டி வச்சிருக்கார், ஒரு வார்த்தை பேசலை. அம்மா, "வேலைக்குப் போய்க்கிட்டே நிக்க முடியாதா?"ன்னு கேக்கறாங்க. பெங்களூர்ல இருந்துக்கிட்டு ராத்திரி பதினொரு மணி போனை எடுக்கலாம், மூடியைத் தூக்கிப் பார்க்க முடியாது.

நோட்டை மறுபடி படிச்சேன். இந்தத் தடவை தெருவிளக்கையும் சுடுகாட்டுப் பாதையையும் முன்னாடி வச்சு, ஓடையை மூணாவதா எழுதியிருக்கேன். அந்தத் தாத்தா வீட்டுக்கு முதல்ல போகணும். ஆஃபர் லெட்டர்ல ஜாயினிங் தேதி இன்னும் போடலை. வாக்காளர் பட்டியல்ல என் பேர் இருக்கு, பார்த்துட்டேன்.