பன்னி மேல் போட்ட பழி

மூளைக்காய்ச்சல் என்றதும் ஊர்க்காரன் கண் முதலில் போவது எங்கள் சேரிப் பன்றிப்பட்டி மேல்தான். 2003ல் ஏழு வயசு அக்கா மகனைத் தூக்கிக்கொண்டு போனபோது ஆஸ்பத்திரியில் கேட்ட முதல் கேள்வி, "நீங்க பன்னி வளக்கறவங்களா?" எத்தனை நாளாகக் காய்ச்சல், வாந்தி எடுத்தானா, வலிப்பு எப்போது வந்தது என்பதெல்லாம் அப்புறம்தான்.

முதுகில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டும் என்றார்கள். "அத எடுத்தா காலு விளங்காமப் போயிடும்டா தம்பி" என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு பயிற்சி டாக்டரம்மாதான் அவளோடு தரையில் உட்கார்ந்து சொன்னார்: தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழே, இடுப்புக்கிட்டதான் ஊசி இறங்கும். நீர் கலங்கி, சர்க்கரை குறைந்திருந்தால் பாக்டீரியாவாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு. டிபி என்றால் மாதக்கணக்கில் மாத்திரை. ஹெர்பிஸ் வைரஸ் என்றால் அசைக்ளோவிர். முடிவு வரும்வரை சும்மா இருக்க முடியாது, மருந்தை ஏற்றிக்கொண்டேதான் தேட வேண்டும். அக்கா தலையாட்டினாள்.

நீரில் ஐ.ஜி.எம். சோதனை செய்து ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றார்கள். அந்த வைரஸைக் கொல்ல இன்றைக்கும் மருந்து இல்லை. வலிப்பை அடக்கணும், மூளை வீக்கத்தைக் குறைக்கணும், மூச்சு அடைக்காமப் பாத்துக்கணும். அவ்வளவுதான் வைத்தியம். பிழைத்தான். வலது கை மடங்கியே நின்றுவிட்டது.

பன்றி உடம்பில் இந்த வைரஸ் பெருகுவது உண்மை, மறைக்க ஒன்றுமில்லை. கொக்கு, நாரை உடம்பிலும்தான் இருக்கிறது. அதை மனுசனுக்குக் கொண்டுவருவது க்யூலெக்ஸ் கொசு. அந்தக் கொசு பெருகுவது தண்ணி கட்டிய நெல்வயலில். வயல் யாருடையது? எங்களுக்கு அதில் நாத்து நடுற கூலிதான். கொக்கை விரட்டு என்று யாரும் சொல்லவில்லை. தண்ணியை வடிய விடு என்றும் சொல்லவில்லை. பட்டியை மட்டும் பிரி என்றார்கள். இந்த நோய் ஆளுக்கு ஆள் ஒட்டாது. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் அவனைத் தனியாக உட்கார வைத்தார்கள். ஒட்டிக்கொள்ளும் என்று எதைப் பார்த்துப் பயந்தார்களோ!

வேலூர்ப் பக்கம் 1955லேயே கண்டறியப்பட்ட நோய் இது. பாதிப்பு அதிகமுள்ள மாவட்டங்களில் அரசு பெரிய அளவில் தடுப்பூசி இயக்கம் தொடங்கியது 2006ல். இடையில் அம்பது வருசம். அத்தனை வருசத்தில் எத்தனை பிள்ளைகள், எத்தனை பட்டிகள்!

அந்த மாவட்டங்களில் இப்போது 9 மாதத்தில் ஒரு ஊசி, 16லிருந்து 24 மாதத்துக்குள் இன்னொன்று. ஊசி போடாத பிள்ளை இருக்குதா என்று அக்கா எங்கள் தெருவில் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போகிறாள்.