அசோக் குமார்கள்

பெயர் தெரியாத பிரதிவாதிக்கு நம் நீதிமன்றங்களில் அசோக் குமார் என்று பெயர். ஆங்கிலேயரின் ஜான் டோவை இந்தியாவில் இப்படி மாற்றிக்கொண்டார்கள். 2012இல் ‘3’ என்ற தமிழ்ப் படத்தைத் திருட்டுத்தனமாக இணையத்தில் ஏற்றுகிறவர்களுக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடையுத்தரவு வாங்கினார்கள். யாரென்று தெரியாத எதிராளிகள். ஆகவே அசோக் குமார்கள். இணைப்பு தருகிற கம்பெனிகள் எதற்கு வம்பு என்று தளங்களையே முழுசாக மூடின. விமியோ போயிற்று, பேஸ்ட்பின் போயிற்று. குறிப்பிட்ட பக்கங்களை மூடினால் போதும் என்று அதே நீதிமன்றம் ஜூன் மாதம் விளக்கம் சொல்ல வேண்டி வந்தது.

பெயர் தெரியாதவனைப் பிடிக்கப் போனால் தெருவை அடைக்கிறோம். பெயர் தெரிந்தே ஆகவேண்டும் என்று கிளம்பினால் தெருவிலிருக்கும் அத்தனை பேரின் பெயரையும் முன்கூட்டி எழுதி வாங்குகிறோம். இரண்டும் ஒரே மனோபாவம்தான் என்று எனக்குப் பட்டது, ஆம்பூரில் நடந்த ஒரு விவகாரத்திற்குப் பிறகு.

ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற பெண். கிராமத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறவள். அவள் படமும் போன் நம்பரும், கூடவே எழுதக் கூசும் இரண்டு வரியும் ஒரு இணையதளத்தில் வந்துவிட்டன. ராத்திரியெல்லாம் போன். அவள் அண்ணன் எனக்குத் தெரிந்தவன். புகார் எழுதித் தரச் சொல்லி வந்தான். தளம் எவனுடையது என்று தெரியவில்லை. ஆனால் அதற்கு இடம் கொடுத்திருந்த ஸ்தாபனம் எட்டுகிற தூரத்தில், வேலூரில் இருந்தது. சர்வரில் மொத்தமாக இடம் வாங்கிச் சில்லறையாக வாடகைக்கு விடுகிற சின்னக் கம்பெனி. பக்கம் எடுபட நாலு நாள் ஆயிற்று. இரண்டாம் நாளே அண்ணனுக்கு மிரட்டல் வந்துவிட்டது, பெயரும் தெருவும் சொல்லி. எங்கள் புகாரைக் கையெழுத்து, விலாசம் எல்லாவற்றோடும், ‘தங்கள் பதில் என்ன’ என்று கேட்டு வாடிக்கையாளருக்கு அப்படியே அனுப்பியிருந்தார்கள். அதுதான் வழக்கமாம்.

போய்ப் பார்த்தேன். உரிமையாளர் இளைஞர். மரியாதையாகவே பேசினார். “நான் இடத்த வாடகைக்கு விடறவன் சார். உள்ள இன்னா வெச்சிருக்காங்கன்னு நான் எட்டிப் பாக்கக் கூடாது. பாத்தா நாளைக்கு எவன் எங்கிட்ட வருவான்?” அந்த வாடிக்கையாளர் யார் என்று கேட்டேன். “அது கஸ்டமர் விஷயம் சார். கோர்ட் ஆர்டர் கொண்டாங்க, தர்றேன்.”

இந்தப் பதிலை என்னால் தப்பென்று சொல்ல முடியவில்லை. அதில் எங்கள் ஊர்த் தொழிலின் வாசனை இருந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஜாப் ஒர்க் செய்கிற டேனரிகள் உண்டு. தோல் ஒருவருடையது, டிரம் இன்னொருவருடையது. வியாபாரி தோலைக் கொண்டுவந்து போட்டுப் பதனிட்டுக் கூலி கொடுத்து எடுத்துப் போவார். ஒரே கூரைக்கு அடியில் நாலு பேர் சரக்கு. யாருடைய தோல் யாருக்குப் போகிறது, என்ன விலை என்பதை டேனரிக்காரர் பக்கத்து வியாபாரியிடம் வாய்விட மாட்டார். விட்டால் அடுத்த மாதம் டிரம் சும்மா சுற்றும்.

சட்டமும் இளைஞர் பக்கம்தான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவுக்கு, 2015 மார்ச்சில் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த விளக்கப்படி, நீதிமன்ற உத்தரவோ அரசின் அறிவிப்போ வந்தால்தான் இடம் கொடுத்தவர் விஷயத்தை எடுக்கக் கடமைப்பட்டவர். யார் புகார் கொடுத்தாலும் எடுத்துவிட வேண்டும் என்றால் எழுதுகிறவன் கதி என்ன என்பது சிறுபத்திரிகைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2021 விதிகள் நிர்வாணப் படம் போன்றவற்றுக்கு மட்டும் பாதிக்கப்பட்டவரின் புகாரே போதும் என்கின்றன. இவள் படமோ ரேஷன் கார்டுக்கு எடுத்த மாதிரி சாதாரணப் படம். அதன் கீழே இருந்த இரண்டு வரியும் நம்பரும்தான் கொடூரம்.

ஆக, வாடிக்கையாளர் பெயரைக் காத்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவர் காத்த ரகசியம் வாடகை தருகிறவனுடையது என்பதுதான் உறுத்துகிறது. வாடகை தராதவள் விலாசம் ஒரு பொத்தானை அழுத்தியதும் போய்விட்டது. அதைத் தடுக்க எந்தத் தொழில் நியாயமும் குறுக்கே வரவில்லை.

எங்கள் பக்கத்தில் இது பழைய சமாசாரம். ராத்திரியில் கழிவுநீரைத் திறந்துவிடுகிறார்கள் என்று ஒரு கிணற்றுக்காரர் மனு எழுதிப் போட்டால், சாயங்காலத்துக்குள் அவர் பெயர் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிடும். மனுவை யார் காட்டினார்கள் என்பது மட்டும் ஒருபோதும் தெரியவராது. பாலாற்றுக்காக 1991இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன மனு வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் என்ற பெயரில் போயிற்று. 1996 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு பிரசித்தம். ஐந்து மாவட்டங்களின் டேனரிகளுக்கும் தலைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்ட தீர்ப்பு. அதைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. மனுதாரர் ஒரு சங்கமாக இருந்ததால் மிரட்டுவதற்கு ஒற்றை வீட்டுக் கதவு இல்லாமல் போனது என்பதை யாரும் எழுதினதாகத் தெரியவில்லை. எனக்கு அதுவும் முக்கியமாகப் படுகிறது.

சர்க்கார் கண்டுபிடித்த மருந்து வேறு. 2022 ஏப்ரல் 28 அன்று, கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் செர்ட்-இன் என்ற மத்திய அமைப்பு ஒரு கட்டளை போட்டது. சர்வர் வாடகைக்கு விடுகிறவர்களும் விபிஎன் நடத்துகிறவர்களும் வாடிக்கையாளரின் சரிபார்த்த பெயர், விலாசம், போன், என்ன காரியத்துக்கு எடுக்கிறார் என்பது உட்பட எழுதி வைக்க வேண்டும். அவர் விலகிப் போன பின்பும் ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும். எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க் போன்றவை அந்த ஜூனிலேயே இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை எடுத்துவிட்டன. அதற்கு முன் 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்தில், சமூக வலைத்தளக் கணக்குகளோடு ஆதாரை இணைக்க வேண்டும் என்று கேட்டு மனு வந்தது. இணையத்தில் வசைபாடுகிறவர்களைப் பிடிக்கவாம்.

வேலூரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் இந்தப் பதிவேட்டு உலகத்தைக் கண்ணால் பார்க்கலாம். வங்காளத்திலிருந்தும் திரிபுராவிலிருந்தும் வந்த நோயாளிகள், பங்களாதேஷிலிருந்து வந்தவர்கள். ஒவ்வொருவரும் பெயர், ஊர், எதற்கு வந்தீர்கள் என்ற கட்டத்தை நிரப்புகிறார்கள். வெளிநாட்டவர் என்றால் 24 மணி நேரத்துக்குள் தகவல் போயாக வேண்டும். காந்தி ரோடில் ஒரு லாட்ஜ் மேனேஜரிடம் ஒரு முறை கேட்டேன், இத்தனை வருஷத்தில் இந்த நோட்டால் திருடன் எவனாவது பிடிபட்டானா என்று. “திருடன் சரியான பேரா சார் எழுதப் போறான்?” என்றார். உண்மைப் பெயரையும் உண்மை நோயையும் எழுதுகிறவர்கள் மற்றவர்கள்தான். அந்த நோட்டு மேஜை மேல் திறந்தபடியே கிடந்தது. தலைகீழாக வாசிக்கத் தெரிந்தால் போதும்.

இளைஞரிடம் நான் கேட்டது பெரிய தத்துவம் எதுவும் இல்லை. வாடிக்கையாளருக்குப் போகிற கடிதத்தில் எந்தப் பக்கம், என்ன குற்றச்சாட்டு என்ற இரண்டு மட்டும் போனால் போதாதா? புகார் கொடுத்தவர் யார் என்பது தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும் என்கிற வழக்குகள் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். காப்புரிமைத் தகராறு அப்படிப்பட்டது. போன் நம்பரை எடு என்பதற்கு அது எதற்கு? நிர்ப்பந்தம் வந்தால் ஒருவன் பதிவை மட்டும் ஜாக்கிரதையாக எடுத்து வைத்துக்கொண்டு, மற்ற அறுநூறு பேர் பதிவைத் தொடாமல் இருக்க முடியாதா?

“செய்யலாம் சார். சாஃப்ட்வேர் வெளியில வாங்கினது. அதுல தானா போவுது” என்றார்.

பிறகு அண்ணனும் தங்கையும் போன் நம்பர்களை மாற்றினார்கள். வீட்டை மாற்ற முடியவில்லை. போலீசுக்குப் போகலாம் என்று இரண்டு முறை சொன்னேன். அங்கேயும் முதல் கட்டத்தில் பெயர், விலாசம்தானே எழுதணும் என்று கேட்டான் அண்ணன். போகவில்லை.